ஸ்டாதிஸ் கலிவாஸ்: உள்நாட்டுப் போரை ஊர் ஊராகப் படித்தவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த ஸ்டாதிஸ் கலிவாஸ்?

கிரேக்க நாட்டு அரசியல் அறிஞர். 1964இல் கோர்ஃபூ தீவில் பிறந்தவர். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து, அமெரிக்கா போய் 1993இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். நியூயார்க், சிகாகோ, யேல் என்று பல இடங்களில் பாடம் நடத்திவிட்டு 2018இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார்.

உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் பெரும்பாலோர் கேட்பது "போர் ஏன் வந்தது?" என்று. கலிவாஸ் அங்கே நிற்கவில்லை. போர் வந்துவிட்டது, சரி. இந்த ஊரில் பத்துப் பேரைக் கொன்றிருக்கிறார்கள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடுத்த ஊரில் ஒருவரும் சாகவில்லை. அது எப்படி? செத்தவர்களின் பெயரை முதலில் சொன்னது யார்? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் அலைந்து, 2006இல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். தமிழில் சொன்னால் 'உள்நாட்டுப் போரில் வன்முறையின் தர்க்கம்' என்று வரும். அதற்கு முன் இந்தத் துறை போன வழி ஒன்று, அதற்குப் பின் போன வழி வேறு.

அவர் ஆரம்பித்ததே இந்த விஷயத்தில்தானா?

இல்லை. 1996இல் வந்த முதல் புத்தகம் ஐரோப்பாவின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகளைப் பற்றியது. துப்பாக்கி, கெரில்லா எதுவும் அதில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி மாதிரி நாடுகளில் கத்தோலிக்கச் சபை தனக்கென்று ஒரு கட்சி வேண்டும் என்று கேட்கவே இல்லை. பள்ளிக்கூடங்களை அரசு கையில் எடுக்கப் பார்த்தபோது தற்காப்புக்காக மக்களைத் திரட்டியது. திரண்ட கூட்டம் கட்சியாகி, கடைசியில் சபையின் பிடியிலிருந்தே நழுவிப் போனது என்பது அதன் சாரம்.

சம்பந்தமில்லாத விஷயம் போலத் தெரியும். ஆனால் மனிதர்கள் ஒன்றை நினைத்துச் செய்ய, சூழ்நிலை அதை வேறொன்றாக மாற்றிவிடுவதைக் கவனிக்கும் கண் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. பின்னால் வந்த எல்லாவற்றிலும் அதே கண்தான்.

கிரேக்கத்தில் அப்படி என்ன உள்நாட்டுப் போர் நடந்தது? நாங்கள் பள்ளியில் படித்ததே இல்லையே.

படித்திருக்க வாய்ப்புக் குறைவு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1940 அக்டோபரில் இத்தாலி கிரேக்கத்தைத் தாக்கியது. உதை வாங்கிப் பின்வாங்கியது. 1941 ஏப்ரலில் ஜெர்மனி இறங்கியது. ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா மூன்றும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. அந்தக் குளிர்காலத்தில் பெரும் பஞ்சம். 1941 செப்டம்பரில் கம்யூனிஸ்டுகள் முன்னின்று எயாம் என்ற விடுதலை முன்னணியைத் தொடங்கினார்கள். அதன் ஆயுதப் படை எலாஸ். 1943இல் ஏதென்ஸில் இருந்த பொம்மை அரசு, எலாஸை ஒடுக்கப் 'பாதுகாப்புப் பட்டாளங்கள்' என்று கிரேக்கர்களைக் கொண்டே ஒரு படை அமைத்தது. அதற்கு ஆயுதம் ஜெர்மானியர் கொடுத்தது. இப்படி அந்நியன் ஊருக்குள் இருக்கும்போதே கிரேக்கனைக் கிரேக்கன் கொல்ல ஆரம்பித்துவிட்டான்.

1944 அக்டோபரில் ஜெர்மானியர் வெளியேறினார்கள். டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் சண்டை. 1946இல் முழுப் போர். 1949 ஆகஸ்டில் வடக்கே கிராமோஸ் மலையில் கம்யூனிஸ்ட் படை தோற்றதோடு அது முடிந்தது. ஜெயித்த தரப்பு இதை உள்நாட்டுப் போர் என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை. 'கொள்ளைக்காரர் போர்' என்றே நாற்பது வருடம் சொல்லிவந்தது. 1989இல் சட்டம் போட்டுத்தான் பெயரை மாற்றினார்கள்.

ஆர்கோலிடாவில் அவர் என்ன செய்தார்?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியக் கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஆர்கோலிடா என்பது, கிரேக்கத்தின் தெற்கே இருக்கும் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலை. ஆர்கோஸ், நாஃப்ப்ளியோ என்ற இரண்டு ஊர்கள், மைசீனியின் பழைய இடிபாடுகள், கீழே சமவெளியில் ஆரஞ்சுத் தோட்டங்கள், மேலே குன்றுகள், அதற்கும் மேலே மலைக் கிராமங்கள். கலிவாஸ் இங்கே 61 கிராமங்களை எடுத்துக்கொண்டார். 1943 செப்டம்பரிலிருந்து 1944 செப்டம்பர் வரை, ஒரே ஒரு வருடம். அந்தக் காலத்தில் அங்கே கொல்லப்பட்ட பொதுமக்கள் எழுநூறு பேருக்கு மேல்.

ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்தார். யார் செத்தது, எந்த ஊர், எந்த மாதம், கொன்றது எந்தத் தரப்பு, ஆளைக் குறிவைத்தா கண்மூடித்தனமாகவா, அப்போது அந்த ஊர் யார் பிடியில் இருந்தது. போர் முடிந்தபின் நடந்த வழக்குகளின் நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டினார். அதோடு நிற்காமல் ஊர் ஊராகப் போய்க் கிழவர் கிழவிகளோடு உட்கார்ந்தார்.

இரண்டும் சேர்ந்தால்தான் விஷயம் பிடிபடும். நீதிமன்றக் காகிதத்தில் "இன்ன தேதியில் கம்யூனிஸ்டுகள் இன்னாரைக் கொன்றார்கள்" என்று இருக்கும். திண்ணையில் கேட்டால் அதே சாவு வேறு கதையாக வரும்: வரப்புத் தகராறு, ஆடு மேய்ந்த சண்டை, பெண் கேட்டுக் கொடுக்காத கோபம். காகிதத்தை மட்டும் நம்பியவர்களுக்கு எல்லாமே அரசியலாகத் தெரியும். திண்ணையை மட்டும் நம்பினால் எல்லாமே சொந்தப் பகையாகிவிடும். கலிவாஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைக் கேட்டால் அவருடைய சூத்திரங்களைவிட இந்தப் பொறுமைதான் பெரிது.

ஆர்கோலிடாவில் கிடைத்தது அங்கே மட்டும் உண்மையாக இருந்துவிடக்கூடாது என்று, நாட்டின் வடக்கே அல்மோப்பியா என்ற பகுதியிலும் சோதித்துப் பார்த்தார்.

மானேசி, கெர்பேசி என்று இரண்டு ஊர்களைப் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

அவருடைய புத்தகமே இந்த இரண்டு ஊரில்தான் திறக்கிறது. இரண்டும் ஆர்கோலிடாவில் இருப்பவை. நடுவே நாலு மைல். வழியெல்லாம் ஆரஞ்சும் சர்க்கரை பாதாமியும். ஒரே மாதிரி ஜனம், ஒரே மாதிரி விவசாயம், கிட்டத்தட்ட ஒரே வசதி. வெளியூர்க்காரனைக் கொண்டுபோய் விட்டால் எது எது என்று சொல்லத் தெரியாது.

1944 ஜூலை. ஜெர்மானியர் கிளம்ப இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. கெர்பேசியில் இடதுசாரிக் கெரில்லாக்களோடு சேர்ந்த ஒரு சின்னக் கும்பல் ஒரு வீட்டுக்குள் புகுந்தது. குடும்பத்தையே வெட்டிப் போட்டார்கள், குழந்தைகளையும் விடவில்லை. வந்தவர்கள் எங்கோ மலையிலிருந்து இறங்கிய முகம் தெரியாதவர்கள் என்றால் ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். கொன்றவர்களில் பக்கத்து வீட்டுக்காரரே இருந்தார்.

மானேசியில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

வறுமை, வர்க்கம், சித்தாந்தம், பழைய பகை என்று நாம் வழக்கமாக எடுத்து வைக்கும் காரணங்கள் எல்லாம் இரண்டு ஊருக்கும் பொது. அப்படியென்றால் அவற்றைக் கொண்டு இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த விளக்கம் ஒன்றுகூடத் தேறவில்லை.

அவர் சொல்லும் 'ஐந்து மண்டலம்' என்றால் என்ன?

இந்த மாதிரி ஊருக்கு ஊர் வரும் வித்தியாசத்தை விளக்க, போர் நடக்கும் பகுதியை யார் பிடியில் இருக்கிறது என்பதை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறார். ஒன்றாம் மண்டலம் முழுக்க அரசின் கையில். ஐந்தாவது முழுக்கக் கிளர்ச்சிக்காரர் கையில். இரண்டாவதில் அரசின் கை ஓங்கியிருக்கும், ஆனால் இராத்திரியில் மற்றவன் வந்து போவான். நான்காவது அதற்கு நேர் எதிர். மூன்றாவது நட்ட நடு: இருவருக்கும் சம பலம்.

எங்கே அதிகம் பேரைக் கொல்வார்கள்? யாரைக் கேட்டாலும் "மூன்றாவதில்தான், அங்கேதானே இழுபறி" என்பார்கள். கலிவாஸின் பதில்: அங்கேதான் ஆளைக் குறிவைத்துக் கொல்வது மிகக் குறைவு.

காரணம் எளிது. ஒருவனைக் குறிவைத்துக் கொல்ல வேண்டுமென்றால் யார் எதிரியின் ஆள் என்று தெரிய வேண்டும். படைக்காரனுக்கு அது தெரியாது, அவன் வெளியூர். ஊர்க்காரன்தான் சொல்ல வேண்டும். சம பலம் உள்ள ஊரில் ஊர்க்காரன் வாயைத் திறப்பானா? காலையில் இவனிடம் பெயர் சொன்னால் இராத்திரி அவன் வந்து கதவைத் தட்டுவான். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். கொல்ல ஆசை இருக்கிறது, தகவல் இல்லை.

ஒன்றிலும் ஐந்திலும் தகவல் கிடைக்கும். கொல்லத்தான் ஆள் இல்லை. எதிர்த்தரப்பு ஆட்கள் முன்பே ஓடிப்போயிருப்பார்கள், மிச்சம் இருப்பவர்கள் அடங்கி நடப்பார்கள். ஆக இரண்டும் நான்கும்தான் ஆபத்தான இடங்கள். அங்கே ஒரு தரப்பு "நீ சொல், உனக்கு ஒன்றும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தைரியம் சொல்லும் அளவுக்குப் பலமாக இருக்கிறது. மற்ற தரப்பின் ஆட்களும் ஊருக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். ஆர்கோலிடாவில் மாதவாரியாகப் பிரித்து எண்ணிப் பார்த்தபோது கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் வந்தது.

பெரும்பாலும் என்றேன். பொருந்தாத ஊர்களும் இருந்தன. உள்ளூர்க் குழுவில் இருந்தவர்கள் மேலிடம் கேட்டாலும் பெயர் கொடுக்காமல் ஊரைக் காப்பாற்றிய இடங்கள் உண்டு. பழிக்குப் பழி என்று கணக்கை மீறிப் போன இடங்களும் உண்டு. அவற்றை ஒளிக்காமல் அவரே எடுத்துப் பேசுகிறார்.

அப்படியென்றால் காட்டிக்கொடுப்பது அரசியலா, சொந்தப் பகையா?

இரண்டையும் பிரிக்க முடியாது என்கிறார்.

உள்நாட்டுப் போரில் கொலை என்பது படையும் ஊரும் சேர்ந்து செய்யும் காரியம். படைக்கு ஊரின் தகவல் வேண்டும். ஊர்க்காரனுக்கு, தான் நேரில் செய்யத் துணியாத ஒன்றைச் செய்து முடிக்க ஒரு கை வேண்டும். பங்காளியின் மேல் பத்து வருடக் கடுப்பு. அவன் "கம்யூனிஸ்ட்" என்றோ "ஜெர்மன்காரனின் ஆள்" என்றோ ஒரு வார்த்தை போதும். படை தன் அரசியலுக்காகக் கொல்கிறது என்று நினைக்கிறது. பெயர் கொடுத்தவன் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறான். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு அது 'வர்க்கப் போர்' என்றோ 'இனப் போர்' என்றோ தெரிகிறது. 2003இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விரிவாகச் சொன்னார். மேலே தலைநகரத்தில் நடக்கும் சண்டையும் கீழே ஊரில் இருக்கும் பிளவும் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொள்கின்றன. மேலே இருக்கும் லேபிளை அப்படியே கீழே ஒட்டிவிடக்கூடாது.

பெயர் சொல்வது எப்படி நடக்கும் என்பதற்கு ஏதென்ஸை ஒட்டிய கொக்கினியாவில் ஒரு காட்சி. 1944 ஆகஸ்ட் 17. ஜெர்மானியரும் பாதுகாப்புப் பட்டாளத்தாரும் அந்த ஏழைத் தொழிலாளர் குடியிருப்பைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் சதுக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். முகத்தை மூடிய ஆட்கள் வரிசைக்குள் நடந்து வந்தார்கள். கையை நீட்டிக் காட்டியவனைத் தனியே இழுத்துப்போய்ச் சுட்டார்கள். கண் மட்டும் தெரியும் அந்தத் துணிக்குள் இருந்தது தங்கள் பேட்டைக்காரன்தான் என்று உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்றிவளைப்பில் வாகனத்துக்குள் முகத்தை மூடி உட்கார்ந்து தலையை ஆட்டியவனுக்கு அவர்களிடம் ஒரு சொல்லே இருக்கிறது: தலையாட்டி.

ஊரையே கொளுத்தினால் மக்கள் பயந்து அடங்கிவிட மாட்டார்களா?

அடங்க மாட்டார்கள், பல நேரம் எதிர்ப்பக்கம் போவார்கள் என்பதுதான் அவருடைய வாதம். இரக்கத்தால் சொல்வதில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார். "எங்களோடு இருந்தால் பிழைப்பாய், எதிரியோடு போனால் சாவாய்" என்ற மிரட்டல் வேலை செய்ய வேண்டுமென்றால், அடங்கி இருப்பவன் பிழைக்க வேண்டும். அடங்கினாலும் சாவு, அடங்காவிட்டாலும் சாவு என்றால் கையில் ஒரு துப்பாக்கியாவது இருக்கட்டுமே என்று மலையேறிவிடுவான்.

1944 ஏப்ரல் 27இல் பெலொப்பொனீஸில் எலாஸ் பதுங்கித் தாக்கி ஜெர்மன் ஜெனரல் கிரெக்கைக் கொன்றது. பதிலுக்கு மே 1 அன்று ஏதென்ஸின் கைசரியானியில் 200 கைதிகளை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அந்த இருநூறு பேரும் அதற்கு முன்பே சிறையில் இருந்தவர்கள்! ஜெனரலைச் சுட்டவர்களோ மலையில் பத்திரமாக இருந்தார்கள். இதிலிருந்து ஒரு சாதாரண கிரேக்கன் என்ன பாடம் படிப்பான்?

வியட்நாமைப் பற்றி மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலையும் இதே திசையில் போனது. அங்கே அமெரிக்கர்கள் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் மாதாமாதம் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள், பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி. அந்தப் பழைய தரவை எடுத்துப் பார்த்ததில், விமானக் குண்டு விழுந்த குக்கிராமங்கள் வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர் பக்கம் சாய்ந்தது தெரிந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. செச்சன்யாவைப் பற்றி 2009இல் வந்த ஓர் ஆய்வு, ரஷ்யப் பீரங்கி தாக்கிய கிராமங்களிலிருந்து வந்த கிளர்ச்சித் தாக்குதல்கள் குறைந்ததாகக் காட்டியது. எவ்வளவு நாளைக்குக் குறைந்தது, அந்தக் கிராமத்து இளைஞர்கள் வேறு எங்கே போனார்கள் என்று கேட்க இடம் இருக்கிறது. இருந்தாலும் இந்த விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

சொந்த நாட்டில் அவர்மேல் ஏன் இவ்வளவு கோபம்?

ஜெர்மானியர் காலத்தில் எலாஸ் செய்த கொலைகளை எண்ணினார் அல்லவா, அதனால்.

கிரேக்கத்தில் நினைவு இரண்டு கட்டமாகப் புரண்டது. 1949க்குப் பிறகு வலதுசாரிகளின் கதை மட்டும்தான் கதை. இடதுசாரிகள் சிறையிலும் தீவாந்தரத்திலும் கிடந்தார்கள். 1974இல் இராணுவ ஆட்சி விழுந்தபின் ஊசல் மறுபக்கம் வந்தது. 1982இல் எயாம், எலாஸ் எல்லாம் தேசிய எதிர்ப்பு இயக்கமாகச் சட்டப்படி ஏற்கப்பட்டன. அதன்பின் எலாஸ் என்றால் தியாகம், அவ்வளவுதான். இந்தச் சமயத்தில் ஒருவர் வந்து "இந்த 61 கிராமங்களில் எலாஸும் அதன் இரகசியப் பிரிவும் கொன்ற பொதுமக்களின் கணக்கு இது" என்று மேசையில் வைத்தால்? 2000இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே 'சிவப்புப் பயங்கரம்' என்று இருந்தது. போதாக்குறைக்கு, உள்நாட்டுப் போர் 1946இல் தொடங்கவில்லை, 1943லேயே தொடங்கிவிட்டது என்றார். கேட்க வெறும் தேதிச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் 1946 என்றால் இடதுசாரிகள் முதலில் விடுதலை வீரர்கள், பிறகு துரத்தப்பட்டவர்கள். 1943 என்றால் ஆரம்பத்திலிருந்தே அவர்களும் ஒரு தரப்பு.

2004இல் நிக்கோஸ் மரந்த்சிதிஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 'தா நெயா' நாளிதழில், உள்நாட்டுப் போரை இனி எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு பத்து அம்ச அறிக்கை எழுதினார். அந்தப் பத்திரிகையில் மாதக்கணக்கில் பதிலும் பதிலுக்குப் பதிலுமாக ஓடியது. 'புதிய அலை' என்று சிலர் பெயர் வைத்தார்கள். 'திரிபுவாதம்' என்று மற்றவர்கள்.

என் பார்வையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. செத்தவனை எண்ணுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே சமயம், நாட்டைப் பிடித்தவனோடு சேர்ந்தவனும் அவனை எதிர்த்தவனும் ஒரே அட்டவணையில் இரண்டு பத்திகளாக வரும்போது படிப்பவனுக்கு உறுத்தத்தான் செய்யும். அட்டவணைக்கு அந்த உறுத்தலைக் காட்ட இடம் கிடையாது. பின்னாளில் நாளிதழ்ப் பத்திகளில் அவர் கிரேக்க இடதுசாரிகளைக் கடுமையாகச் சாடியதும் சேர்ந்துகொண்டது. ஆய்வாளர் எங்கே முடிகிறார், பத்தி எழுத்தாளர் எங்கே ஆரம்பிக்கிறார் என்று எதிரிகள் கேட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1989 ஆகஸ்ட் 29. கிராமோஸ் சண்டை முடிந்து நாற்பது வருடம். வலதும் இடதும் சேர்ந்த கூட்டணி அரசு, 'சமரசத்தின் பெயரால்' காவல்துறை வைத்திருந்த இலட்சக்கணக்கான கண்காணிப்புக் கோப்புகளை எஃகு ஆலை உலைகளில் கொட்டி எரித்தது. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற ஆதாரம் எவ்வளவோ அந்தத் தீயில் போனது. வரலாற்றாசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பாக்கி இருந்தது நீதிமன்றக் கட்டும் கிழவர்களின் ஞாபகமும்தான் என்னும்போது, கலிவாஸ் ஏன் கிராமம் கிராமமாகப் போனார் என்பது இன்னும் நன்றாகப் புரியும்.

இவருடைய கோட்பாடு இலங்கைக்குப் பொருந்துமா?

அப்படியே எடுத்து வைக்க முடியாது. அவர் விளக்குவது கெரில்லாப் போரை, அதாவது முன்வரிசை என்று ஒன்று இல்லாமல் பகலில் ஒருவனும் இரவில் ஒருவனும் ஆளும் நிலைமையை. 1980களின் வடக்கு கிழக்குக்கும், தெற்கே 1987 முதல் 89 வரை ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி நடத்திய கிளர்ச்சிக்கும் நிறையப் பொருந்தும். புலிகள் நிலப்பரப்பைப் பிடித்து, எல்லை போட்டு, பீரங்கியோடு நின்று சண்டையிட்ட பின்னாள் போருக்கும் 2009இன் முடிவுக்கும் இது சரியான அளவுகோல் கிடையாது.

இப்போது நடக்கும் போர்கள் பழைய மாதிரி இல்லையே?

1990களில் "பழைய போர்கள் கொள்கைக்காக நடந்தன, புதியவை வெறும் கொள்ளைக்காக நடக்கின்றன" என்று ஒரு பேச்சு பரவியது. 2001இல் கலிவாஸ் அதை மறுத்து எழுதினார். பழைய போர்களிலும் கொள்ளை இருந்தது. சித்தாந்தக் கண்ணாடி போட்டிருந்ததால் நமக்குத் தெரியவில்லை. புதியவற்றிலும் கொள்கை உண்டு. நேரில் போய்க் கேட்காததால் நமக்குக் கேட்கவில்லை.

ஆனால் சண்டை போடும் முறை நிஜமாகவே மாறியது என்று 2010இல் லாயா பல்செல்ஸோடு சேர்ந்து காட்டினார். 1944 முதல் 2004 வரை நடந்த 147 உள்நாட்டுப் போர்களை எடுத்துக்கொண்டார்கள். பனிப்போர்க் காலத்தில் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கெரில்லாப் போர்; அதன்பின் கால்வாசிதான். வல்லரசுகள் கொடுத்த பணமும் ஆயுதமும் பயிற்சியும் நின்றவுடன், பலமான அரசை எதிர்த்து மலையில் பல வருடம் தாக்குப்பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. அரசே பலவீனமான இடங்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தரத்துப் படையாக மோதிக்கொண்டன.

மற்ற ஆய்வாளர்கள் எங்கே முரண்படுகிறார்கள்?

நம்பிக்கைக்கும் உணர்ச்சிக்கும் இடம் குறைவாக வைத்திருக்கிறார் என்பது முதல் குறை. எல் சால்வடோரில் போர் முடியும் தறுவாயில் உசுலுத்தான் பகுதியில் களப்பணி செய்த எலிசபெத் வுட், விவசாயிகளிடம் காகிதமும் பேனாவும் கொடுத்து, தாங்கள் கைப்பற்றிய நிலத்தை வரைபடமாக வரையச் சொன்னார். அவர்கள் வரைந்ததைப் பார்த்தால், தனக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் மாதிரித் தெரியவில்லை. தாங்களே ஒன்றைச் செய்து முடித்தோம் என்ற பெருமைதான் தெரிந்தது.

இரண்டாவது, அவருடைய மாணவியே எழுப்பியது. மேலே சொன்ன அதே பல்செல்ஸ் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரைப் படித்து, முன்வரிசை தெளிவாக இருக்கும் போரில் வேறு கணக்கு வேலை செய்கிறது என்றார். போருக்கு முந்தைய தேர்தலில் இடதும் வலதும் சமமாக ஓட்டு வாங்கிய ஊர்களில்தான் அங்கே கொலை அதிகம். ஆசிரியரின் முறையைக் கொண்டே ஆசிரியரின் எல்லையைக் காட்டுவது ஒரு நல்ல பள்ளிக்கு அடையாளம். யேலில் கலிவாஸ் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து இப்படிப் பலர் வந்தார்கள். கொலம்பியாவில் கெரில்லாக்கள் ஊரை எப்படி நிர்வாகம் செய்தார்கள் என்று படித்த அனா அர்ஹோனாவும் அவருடைய மாணவிதான்.

இந்தத் துறைக்கு வர ஆசை. என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு மொழி. புள்ளியியலை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். ஊர்க்காரன் பேச்சில் எதை விழுங்குகிறான் என்பது அந்த மொழி தெரிந்தவனுக்குத்தான் பிடிபடும். புள்ளியியலும் அவசியம், அதில் சந்தேகம் வேண்டாம். தரவு பார்த்துப் பழக ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்கும் மோதல் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. வருடத்துக்கு 25 பேர் சண்டையில் செத்தால் அதை மோதல் என்றும், 1,000 பேரை எட்டினால் போர் என்றும் அதில் வகைப்படுத்துவார்கள். அந்த 25க்கும் 1,000க்கும் நடுவில் ஒரு ஊரில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றினால் உங்களுக்கு இந்தத் துறை சரிப்படும்.

அப்புறம், பேட்டி எடுக்கப் போகும் முன் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி விவகாரத்தைப் படித்துவிடுங்கள். வடஅயர்லாந்தில் முன்னாள் ஆயுததாரிகளிடம், "நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது" என்று வாக்குக் கொடுத்து 2001 முதல் அந்தக் கல்லூரிக்காக வாய்மொழி வரலாறு பதிவு செய்தார்கள். 2011இல் பிரிட்டிஷ் காவல்துறைக்காக அமெரிக்க நீதிமன்றம் வழியாக அந்த ஒலிநாடாக்களைக் கேட்டார்கள். சிலவற்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்பிப் பேசியவன் கதி? நீதிமன்றம் கேட்டால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். பெயரைக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

வேலை? நேராகச் சொல்கிறேன், பல்கலைக்கழக இடங்கள் கொஞ்சம்தான். மனித உரிமை அமைப்புகள், ஐ.நா. அமைப்புகள், தரவு தொகுக்கும் நிறுவனங்கள் என்று பக்கவழிகள் உண்டு.

கலிவாஸை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

2003ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து. சின்னது, கணக்கு எதுவும் கிடையாது. அது பிடித்தால் 2006ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முன்னுரைக்குப் போங்கள். மானேசியும் கெர்பேசியும் அங்கேதான் வருகின்றன. நடுவில் சமன்பாடுகள் வரும் அத்தியாயத்தில் தடுக்கினால் தாண்டிவிட்டு, காட்டிக்கொடுத்தலைப் பற்றியும் பகையைப் பற்றியும் எழுதிய பகுதிகளைப் படியுங்கள். பிறகு சமன்பாட்டுக்குத் திரும்பி வரலாம். நானும் அப்படித்தான் படித்தேன்.